கந்தையும் கலையும்

துயருற்றவர்க்குக் கைவேலை ஆறுதல் தரும் என்பது பழைய நம்பிக்கை. இன்று அது ஒரு போதனையாகவே வளர்ந்துவிட்டது. கணவனை இழந்தவர், பிள்ளையைப் பறிகொடுத்தவர், நோயிலிருந்து மீண்டவர், நகர வாழ்வின் தனிமையிற் சோர்ந்தவர் ஆகிய எல்லோர்க்கும் ஊசியும் நூலும் மருந்தென்று சொல்லப்படுகின்றன. மேலை நாடுகளில், சிறப்பாக ஐக்கிய அமெரிக்காவில், துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைக்கு இம்மருந்துகளுள் முதன்மையான இடமுண்டு. துணி விற்போரும் நூல் விற்போரும் இப்போதனையைத் தம் விளம்பரங்களிற் பெருக்கி வருகின்றனர்.

இதனை முற்றாக மறுப்பது எமது நோக்கமன்று. ஒரே அளவான தையலைத் திரும்பத் திரும்ப இடும்போது கலங்கிய மனம் ஓரளவு அமைதியடைவதைப் பலரும் அனுபவத்தால் அறிவர். ஆயின், அந்த அமைதி எதனாற் பிறக்கின்றது என்று கேட்பது விமர்சகனின் கடமை. ஊசியினாலா, உழைப்பினாலா, உடனிருந்து தைக்கும் மனிதராலா? ஆறுதல் தேடியவர் எத்தகைய வாழ்விலிருந்து அதனைத் தேடினார்? அவர் ஆக்கிய பொருள் பின்னர் யார் கைக்குப் போயிற்று? இவற்றைக் கேளாது ஆறுதலைப் பற்றி மட்டும் பேசுவது, நோயின் காரணத்தை விட்டுவிட்டு மருந்துப் போத்தலின் அழகைப் புகழ்வது போன்றதாகும்.

இக்கேள்விகளை ஒரு குறிப்பிட்ட போர்வையின் முன் வைத்துப் பார்ப்போம். அலபாமா மாநிலத்து வில்கொக்ஸ் மாவட்டத்தில், கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், மிசூரி பெட்வே என்ற கறுப்பினப் பெண் 1942 இல் தைத்த போர்வை அது. இன்று வாஷிங்டன் நகரின் தேசியக் கலைக்கூடச் சேகரிப்பில் உள்ளது. லீசா கெயில் கொலின்ஸ் என்னும் ஆய்வாளர் 2023 இல் வெளியிட்ட நூலொன்று இந்த ஒரே போர்வையை மையமாகக் கொண்டது. பெருங்காவியமொன்றுக்கு அளிக்கப்படும் ஆராய்ச்சிக் கவனம் பருத்தி விளைத்த ஓர் ஏழைப் பெண்ணின் போர்வைக்கு அளிக்கப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கதே.

ஒட்டுப்போர்வை மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே துண்டுகளை இணைத்த முகத்துணி; நடுவே குளிர் தாங்கும் பஞ்சு; கீழே அடித்துணி. இம்மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலே அவற்றை ஒரு பொருளாக்குகின்றது. முகத்துணியை ஒரு பெண் தனியே தன் மனம்போல இணைப்பாள். மூன்றடுக்கையும் சேர்த்துத் தைக்கும் வேலைக்குப் பெரும்பாலும் அயற்பெண்கள் கூடுவர். ஆகவே இக்கலையின் செய்முறையிலேயே தனிமையும் கூட்டமும் இணைந்துள்ளன என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

இனி, அந்த ஊரின் வரலாறு. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த நிலம் கீஸ் பெண்ட். 1816 இல் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்த யோசேப் கீ என்பவரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. 1845 இல் அத்தோட்டம் மார்க் பெட்வே என்பவரின் உடைமையானது. அவர் வட கரோலினாவிலிருந்து சுமார் நூறு அடிமைகளைக் கால்நடையாகவே கொண்டுவந்தார். அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், அம்மக்களின் வழித்தோன்றல்கள் அதே நிலத்தில் வாரக்குடிகளாகவும் குத்தகையாளராகவும் அதே பருத்தியை விளைத்தனர்; பழைய எசமானின் பெயரையே தம் குடும்பப் பெயராகச் சுமந்தனர். இன்றும் அவ்வூரிற் பலருக்குப் பெட்வே என்பதே பெயர்.

விதைக்கும் உணவுக்கும் வணிகரிடம் கடன் பெற்று, அறுவடையில் அதனை அடைப்பது அவர்களின் வாழ்க்கை முறை. பருத்தி விலை வீழ்ந்தபோது கடன் ஏறியது. 1932 இல், அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த வணிகர் இறந்ததும், அவருடைய குடும்பத்தினர் கடனுக்கு ஈடாக எல்லாவற்றையும் அள்ளிச் சென்றனர். உழவுக் கருவி, கால்நடை, கோழி, சேமித்த தானியம் எதுவும் மிஞ்சவில்லை. அடுத்த குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுதவியைக் கொண்டே அவர்கள் கடக்க நேர்ந்தது. 1930களின் பிற்பகுதியில் ரூஸ்வெல்ட் அரசாங்கம் நிலத்தை வாங்கி, வீடுகள் கட்டி, பின்னர் அக்குடும்பங்களுக்கே தவணை முறையில் விற்றது. தாம் உழுத மண் தமக்கே சொந்தம் என்று சொல்லும் நிலை அதன் பின்னரே வந்தது.

இந்தப் பின்னணியில்தான் மிசூரி பெட்வேயின் கணவர் எட்டு மாதகாலம் நோயுற்றுக் கிடந்து இறந்தார். போர்வை உருவான விதத்தை அவர்களுடைய மகள் ஆர்லோன்சியா பெட்வே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். இறந்தவரின் வேலையுடைகளைக் கொண்டு ஒரு போர்வை தைக்கப்போவதாகவும், அது அவரை நினைவில் வைத்திருக்க உதவும் என்றும், அன்புக்காக அதனைப் போர்த்துப் படுத்துக்கொள்ளப்போவதாகவும் தாய் சொன்னாராம். காற்சட்டைக் கால்களையும் சட்டைகளின் கீழ்ப்பகுதிகளையும் கிழித்துக் கொடுத்தவர் அந்த மகளே. அப்போது அவருக்குப் பதினேழு, பதினெட்டு வயது. காற்சட்டை கீழே ஒடுக்கமாகவும் மேலே அகலமாகவும் இருந்தமையால், அகன்ற பகுதியை வெட்டி ஒத்த கீற்றுகளாக்கும்படி தாய் பணித்தார் என்பதையும் அவர் மறவாமற் சொல்கிறார். இருந்த உடைகள் ஒரு போர்வைக்கே போதுமாயிருந்தன.

இச்சாட்சியத்தில் எம் கவனத்தை ஈர்ப்பது அதன் தொழில் நுணுக்கம். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் மகளின் நினைவில் நிற்பது அழுகையன்று. ஒடுங்கிய காற்சட்டைக் காலை எவ்வாறு நேர்க் கீற்றாக்குவது என்ற வேலைச் சிக்கல். துயரத்தை மறக்க வேலை உதவியது என்று இதற்குப் பொருள் கூறுவது எளிது. அது பிழையான பொருள். அவ்வேலையின் ஒவ்வோர் அசைவிலும் இறந்தவர் முன்னிற்கிறார். அவருடைய முழங்கால் தேய்த்த இடம், வியர்வை வெளிறச் செய்த இடம், மண்ணின் கறை என இவற்றைக் கையால் தொட்டு, எது இன்னும் உறுதியாயுள்ளது, எது நைந்துவிட்டது என்று தீர்மானிக்காமல் ஒரு கீற்றையும் வெட்ட முடியாது. துயரத்தை விட்டு விலகுவதற்குப் பதிலாகத் துயரத்தை ஆராய்ந்து, அதில் தாங்கக்கூடியதைத் தேர்ந்து, பயன்படும் உருவில் அடுக்கும் செயல் இது. ஆறுதல் என்ற சொல்லுக்கு இவ்விடத்து ஒரு திண்மையான பொருள் கிடைக்கின்றது.

போர்வையின் உருவமும் இதற்கு இயைந்ததே. கட்டங்களும் கீற்றுகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்தவை போல் நேராயில்லை. துணி அனுமதித்த அளவுக்கே நேராயுள்ளன. வெளிறிய பருத்தித் துணியும், கோடுபோட்ட வெல்வெட்டுப் போன்ற கோர்டுரோய்த் துணியும், சாக்குத் துணியும் அதில் உண்டு. இறந்தவரின் உருவத்தையோ பெயரையோ அது தாங்கவில்லை. அழகுக்காக ஒரு பூவும் தைக்கப்படவில்லை. எனினும் அது ஒரு மனிதனின் உழைப்பு வாழ்வை அறிவிக்கின்றது. அவ்வூரின் வேலையுடைப் போர்வைகளில், பொக்கற்றைப் பிரித்தெடுத்த இடத்தில் வெயில் படாத கருநீலம் மிஞ்சி நிற்பதைக் காணலாம். சுற்றிலும் வெளிறிய நீலம், நடுவே ஒரு சிறு கருநீலச் சதுரம். எத்தனை ஆண்டு வெயிலில் நின்று உழைத்தார் என்பதை அச்சதுரம் ஒரு கணக்கேடு போலச் சொல்லிவிடுகின்றது. யதார்த்தம் என்ற சொல்லை நாம் நாவலுக்கும் சிறுகதைக்கும் மட்டும் உரிமையாக்கிக்கொண்டோம். இங்கே வாழ்வின் பிரதிபலிப்பு என்ற நிலையையும் கடந்து, வாழ்வு தேய்த்த பொருளே கலைப்பொருளாகியுள்ளது.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. பருத்தியை அந்த மக்களே விதைத்தனர், களை பிடுங்கினர், ஆய்ந்தனர். மூட்டையாகக் கட்டப்பட்டதும் அது அவர்களுடையதன்று. தொலைவிலுள்ள ஆலையில் துணியாகி, கடையில் விலைப் பொருளாகி, கடன் கணக்கிலேறி, அவர்களின் உடலுக்குச் சட்டையாகத் திரும்பி வந்தது. அச்சட்டையும் பருத்தி வயலிலேயே தேய்ந்தது. விதையிலிருந்து கந்தை வரையுள்ள இந்த நீண்ட பயணத்தில் பருத்தி அதனை விளைத்தவர்க்கு உரியதாக இருந்த கட்டம் ஒன்றே: அது கந்தையான பின், வேறெவருக்கும் வேண்டாததான பின், ஒரு பெண் அதனைப் போர்வையாக்கிய கட்டம். தொழிலாளியின் ஆக்கம் தொழிலாளிக்கே அந்நியமாகி எதிர்நிற்கும் நிலையை மார்க்ஸ் விளக்கியதை நாம் பாடமாகப் படித்திருக்கிறோம். அந்நிலைக்கு எதிர்நிலை எவ்வாறிருக்கும் என்பதற்கு இப்போர்வை ஓர் உதாரணம். என்ன தைப்பது, எப்படித் தைப்பது, யாருக்காகத் தைப்பது என்ற மூன்றையும் மிசூரி பெட்வே தாமே தீர்மானித்தார். அவருடைய நாளில் அவர் ஆணைக்குட்பட்ட உழைப்பு வேறெத்தனை இருந்திருக்கும்? எமது கருத்தில், கைத்தையல் தரும் ஆறுதலின் ஊற்று இந்த இடத்திலேயே உள்ளது. மனிதன் தன் உழைப்பின்மேல் மீண்டும் அதிகாரம் பெறும்போது அவன் மனம் குணமடையத் தொடங்குகின்றது.

இவ்வாறு கூறுகையில் ஒரு மிகைக்கு இடங்கொடுத்துவிடலாகாது. ஏழைப் பெண்கள் எல்லோரும் இன்பத்தோடு தைத்தனர், தைத்தவுடன் துயர் தீர்ந்தனர் என்ற சித்திரம் பொய். அதே ஊரின் மிகச் சிறந்த கலைஞருள் ஒருவர் லொரெற்றா பெட்வே. தைப்பது தமக்கு விருப்பமான தொழிலாக இருக்கவில்லை என்று அவர் ஒளிவின்றிக் கூறியுள்ளார். பகலெல்லாம் வயலில் நடந்து, பன்றிக்குத் தீனி வைத்து, அங்கவீனமான சகோதரரைப் பராமரித்து வீடு திரும்பும்போது ஊசி பிடிக்கவும் தெம்பில்லை. போர்வை தைத்து வை, உனக்குத் தேவைப்படும் என்று பாட்டி சொன்னபோது அவர் ஏற்கவில்லை. பின்னர் காற்றுப் புகும் ஓர் ஓட்டை வீடு வாய்த்தபோதுதான், குளிரைத் தாங்க அவர் தைக்கத் தொடங்கினார். அவருடைய போர்வைகளின் கண்டிப்பான அழகைப் பார்த்து வியப்பவர்கள், அவ்வழகின் பின்னுள்ள களைப்பையும் கணக்கிலெடுக்க வேண்டும். ஓய்வு நேரமும் உறுதியான கூரையும் உள்ள ஒருவர்க்கு ஊசி மனமருந்தாவதும், இவையில்லாத ஒருவர்க்கு அதுவே இன்னொரு சுமையாவதும் ஒரே சமுதாயத்தில் நடைபெறுகின்றன. கைவேலையை மருந்தென்று விற்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதில்லை.

கலை விமர்சகர்கள் இப்போர்வைகளை எவ்வாறு நோக்கினர் என்பதை அடுத்துப் பார்ப்போம். 1971 இல் நியூயோர்க் விட்னி அரும்பொருளகத்தில் அமெரிக்க ஒட்டுப்போர்வைகளின் கண்காட்சியொன்று நடந்தது. கட்டிலிலிருந்து எடுக்கப்பட்டு, நவீன ஓவியங்களைப் போலச் சுவரில் அவை தொங்கவிடப்பட்டன. உருவமற்ற ஓவியம் தோன்றுமுன்பே அதன் வடிவங்களைப் பெண்கள் கண்டுவிட்டனர் என்று இரசிகர் வியந்தனர். ஆனால் அவற்றைத் தைத்தவர்களிற் பெரும்பாலோரின் பெயர் அங்கில்லை. தைத்தவர்களையும் அவர்களின் வாழ்வையும் விட்டுவிட்டு நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் போற்றும் இப்பார்வையை, 1973 இல் பற்றிசியா மைனார்டி என்னும் ஓவியர் கட்டுரையொன்றிற் கடுமையாகக் கண்டித்தார்.

2002 இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அரும்பொருளகத்திலும், பின்னர் அதே விட்னியிலும் கீஸ் பெண்ட் போர்வைகள் காட்டப்பட்டன. இம்முறை தைத்தவர்களின் பெயர்கள் இருந்தன. அவர்களின் வாய்மொழிகளும் பதிவாயின. இது முன்னேற்றமே. எனினும் நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் இவற்றைப் பாராட்ட முற்பட்டபோது மட்டிஸையும் கிளேயையும் துணைக்கழைத்தார். பாராட்டின் நேர்மையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வொப்புமையின் திசையைக் கவனிக்க வேண்டும். ஏழைப் பெண்ணின் ஆக்கம் உயர்ந்ததென்று நிறுவ, முன்பே உயர்ந்தவரென்று ஏற்கப்பட்ட ஓவியரின் சிபாரிசு வேண்டியிருக்கின்றது. சுவரில் தொங்கும்போது நிறமும் வடிவமும் கண்ணுக்குத் தெரிகின்றன. பாரமும் வெப்பமும் தெரிவதில்லை. மிசூரி பெட்வே தம் போர்வையைப் பார்ப்பதற்காகத் தைக்கவில்லை, அதன் கீழ்ப் படுப்பதற்காகத் தைத்தார். அந்த நோக்கத்தை விலக்கிவிட்டு அதன் உருவத்தை மட்டும் மதிப்பிடுவது, ஒப்பாரியின் இராகத்தை மட்டும் எழுதிக்கொண்டு யார் இறந்தாரென்று கேளாமற் போவதற்கு ஒப்பாகும்.

இனி, எம் அணியிலிருந்தே எழக்கூடிய மறுப்பைக் கவனிப்போம். துயரம் ஒரு சமுதாய அநீதியின் விளைவு. அதனைப் போர்வைக்குள் ஆற்றிக்கொள்வது அநீதியோடு சமாதானம் செய்வதாகாதா? 1915 இல் மரண தண்டனைக்கு முன் தொழிலாளர் பாடகர் ஜோ ஹில், தமக்காக அழுது காலத்தை வீணாக்காமல் அமைப்பாகத் திரளும்படி தோழர்க்குச் செய்தியனுப்பினார். அச்செய்தி இன்றும் எம் உள்ளத்தைத் தொடுவதே. ஆயினும் அழுகையும் அமைப்பும் ஒன்றையொன்று விலக்குவன என்று அதிலிருந்து விதி செய்துகொள்வது சரியன்று. மதத்தை அபினென்று கூறிய அதே இடத்தில் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சாகவும் மார்க்ஸ் கண்டார்; முதற்பாதியை மட்டும் நினைவிற்கொள்ளும் பழக்கம் எம்மிடம் உண்டு.

எயிட்ஸ் நினைவுப் போர்வை இவ்விவாதத்துக்கு நல்லதோர் உரைகல். சான் பிரான்சிஸ்கோவில் 1985 இல் நடந்த நினைவு ஊர்வலத்தில், நோயால் இறந்தவர்களின் பெயர் எழுதிய அட்டைகள் அரசாங்கக் கட்டிடமொன்றின் சுவரில் ஒட்டப்பட்டன. அச்சுவர் ஓர் ஒட்டுப்போர்வை போலத் தோன்றியதைக் கண்ட கிளீவ் ஜோன்ஸ் என்னும் இயக்கத்தவருக்கு இத்திட்டம் உதித்தது. ஒவ்வொரு துண்டும் மூன்று அடி அகலமும் ஆறு அடி நீளமும் கொண்டது. ஒரு மனிதப் புதைகுழியின் அளவு. 1987 ஒக்டோபர் 11 ஆம் நாள் வாஷிங்டன் நடுத்திடலில் 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. அந்நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கும் வரையில் அந்நோயைப் பற்றி முக்கிய உரையொன்றை நிகழ்த்த ஜனாதிபதி ரேகனுக்கு மனம் வரவில்லை. அவ்வுரை அதே ஆண்டு மே மாதத்திலேயே வந்தது. தாய்மாரும் காதலரும் நண்பரும் தனித்தனி வீட்டில் தைத்த துயரம், ஆட்சிபீடத்தின் வாசலில் ஒன்றாக விரிக்கப்பட்டபோது குற்றப்பத்திரிகையாயிற்று. அக்காலத்து இயக்கத்தவருட் சிலர், இது அழுகையை வளர்த்துக் கோபத்தைத் தணிக்கும் என்று அஞ்சினர். துக்கத்தையும் போர்க்குணத்தையும் எதிரெதிராக நிறுத்தும் பார்வையை விமர்சகர் டக்ளஸ் கிரிம்ப் 1989 இல் ஆராய்ந்து, இரண்டும் வேண்டும் என்று வாதித்தார். துக்கங் கொண்டாட இடமில்லாத இயக்கத்தவர் உள்ளே உடைந்துபோவர் என்பது அவர் கண்ட உண்மை. எமக்கும் அது பொருந்தும்.

கீஸ் பெண்டிலும் ஊசி ஊர்வலத்துக்குப் பதிலாக அமையவில்லை. 1962 இல், அவ்வூரையும் ஆற்றுக்கு அப்பாலுள்ள கம்டன் நகரையும் இணைத்த படகுச் சேவை நிறுத்தப்பட்டது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிவு செய்யக் கம்டன் செல்லத் தொடங்கிய காலம் அது. ஆற்றைக் கடந்தால் அருகிலிருந்த நகரம், சாலை வழியே ஏறக்குறைய 40 மைல் தொலைவாயிற்று. 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து மக்களை ஊக்கினார். வாக்குரிமையை வென்றது மக்களின் துணிவும் போராட்டமும்; போர்வை அதை வென்றதென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பதிவு செய்தவர்கள் வேலையையும் வீட்டையும் இழந்தபோது, எசமானரை நம்பியிராத ஒரு வருமானம் தேவைப்பட்டது. 1966 இல், பிரான்சிஸ் வோல்ற்றர் என்னும் குருவானவரின் உதவியோடு, அம்மாவட்டத்துப் பெண்கள் சுதந்திரப் போர்வைத் தையற் கூட்டுறவை நிறுவினர். எஸ்ரெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நீண்டகாலம் அதனை நடத்தினார். கூட்டுறவு தனக்கென நிலம் வாங்கி, அதில் ஒரு பகுதியை, வாக்குரிமைக்காக வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்குக் குடியிருக்க விற்றது. கூடித் தைத்துப் பழகிய பெண்களுக்குக் கூட்டுறவு அந்நியமானதொரு நிறுவனமாகத் தோன்றியிராது.

இக்கூட்டுறவின் வரலாற்றிலும் முரண்பாடு உண்டு; அதனை மறைத்தல் ஆகாது. நியூயோர்க்கின் பெரிய கடைகள் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மாதிரி கேட்டன. ஒவ்வொருத்தியும் தன் வழியில் தைக்கும் சுதந்திரத்துக்குச் சந்தையில் இடமில்லை. கூலி வந்தது, கற்பனை கட்டுப்பட்டது. 1972 இல் சியர்ஸ் நிறுவனம் கோர்டுரோய்த் துணியில் தலையணை உறைகள் தைக்கும் ஒப்பந்தத்தைத் தந்தது. அவ்வேலை ஓர் ஆலை வேலையை ஒத்ததே. ஆனால் வெட்டிக் கழித்த துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். பொன்மஞ்சள், செம்மை, ஆனைக்கொய்யாப் பச்சை ஆகிய அந்தத் தடித்த துண்டுகளிலிருந்து, எழுபதுகளில் அவ்வூரின் மிகத் துணிச்சலான போர்வைகள் பிறந்தன. பகலிற் சந்தையின் அளவுக்கு அடங்கிய அதே கைகள், இரவில் சந்தையின் கழிவைத் தம் இச்சைப்படி ஆண்டன. மிசூரி பெட்வே 1942 இல் செய்ததும் இதுவே: சமுதாயம் பயனற்றதென்று எறிந்ததிலிருந்து தமக்குப் பயனுள்ளதை ஆக்கிக்கொண்டார்.

கடைசியாகப் பெறுமதி பற்றிய கேள்வி. அடிமையாகப் பிறந்த ஹரியெற் பவர்ஸ் என்னும் ஜோர்ஜியா மாநிலப் பெண், விவிலியக் கதைகளைத் தாங்கிய தம் போர்வையை வறுமையால் 1891 இல் விற்றார். பத்து டொலர் கேட்டவர்க்குக் கிடைத்தது ஐந்து. விற்ற பின்னரும் அதனைப் பார்ப்பதற்காகவே வாங்கியவரின் வீட்டுக்குப் பலமுறை சென்றார் என்று பதிவுண்டு. இன்று அது ஸ்மித்சோனியன் நிறுவனத்திலுள்ளது. ஆறுதல் தந்த பொருளை அரிசி மாவுக்காக விற்க நேரும் சமுதாயத்தில் ஆறுதல் எவ்வளவு காலம் நிலைக்கும்? கீஸ் பெண்ட் போர்வைகளுக்கு 2006 இல் அமெரிக்கத் தபாற் திணைக்களம் முத்திரை வெளியிட்டது. மறுவருடமே, தமக்குரிய பங்கு கிடைக்கவில்லையென்று அவ்வூர்ப் பெண்கள் சிலர் நீதிமன்றஞ் சென்றனர். அவ்வழக்குகள் 2008 இல் முடிவுக்கு வந்தன. 2015 இல் மேரி லீ பெண்டொல்ஃப், லூசி மிங்கோ, லொரெற்றா பெட்வே ஆகிய மூவரும் நாட்டின் மரபுக்கலைக்கான உயர்ந்த விருதைப் பெற்றனர். 2021 முதல் அவ்வூர்ப் பெண்கள் சிலர் இணையச் சந்தையில் தம் பெயரிலேயே நேரடியாக விற்கத் தொடங்கினர். நிறுத்தப்பட்ட படகு 2006 இல், நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின், மீண்டும் ஓடத் தொடங்கியது. கூட்டுறவோ 2012 இல் மூடப்பட்டது. நன்மையும் இழப்பும் கலந்த இக்கணக்கே உண்மையான கணக்கு.

தமிழிலும் கலை வேறு, கைப்பணி வேறு என்று பிரித்துப் பேசும் வழக்கு உறுதியாக வேரூன்றியிருக்கின்றது. கலை என்றால் கையொப்பம் உண்டு. கைப்பணி என்றால் பெண்பிள்ளைகளுக்கான பாடவேளை ஒன்று உண்டு. இப்பிரிவினை கலைப் பொருளின் தன்மையிலிருந்து வந்ததன்று. யார் செய்தார், எதற்காகச் செய்தார் என்ற சமுதாய வேறுபாட்டிலிருந்து வந்தது. ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள எம் வாசகர்கள், கந்தை ஒட்டிய ஒரு போர்வையைக் காணும்போது, அதன் நிறத்தோடு அதில் தேய்ந்த உழைப்பையும், அதனைத் தைத்தவரின் பெயரையும், அதற்குக் கிடைத்த விலையையும் சேர்த்துக் கேட்பார்களாயின் விமர்சனம் ஓரடி முன்னேறும்.

கைத்தையல் துயரைப் போக்குமா என்று கேட்பவர்க்கு எமது விடை இதுதான். துயரின் காரணத்தை அது போக்காது. வணிகன் அள்ளிச் சென்றதை அது மீட்டுத் தராது. நிறுத்திய படகை ஓட்டாது. அவற்றுக்கு வேறு வேலைகள் உண்டு, அவற்றையும் மனிதரே செய்யவேண்டும். ஆனால் அந்த வேலைகளைச் செய்யப்போகும் மனிதர் இரவில் குளிராமல் உறங்க வேண்டும். தம் இறந்தவரை மறவாதிருக்க வேண்டும். தம் கையால் ஒன்றை முழுமையாக்க முடியும் என்ற நம்பிக்கையோடு விடியலில் எழ வேண்டும். இறந்துபோன ஒரு பருத்தி உழவனின் காற்சட்டையிலிருந்து அவர் மனைவி பெற்றுக்கொண்டது இவற்றையே. அதனைச் சிறிதென்று நாம் கருத மாட்டோம்.